பழைய கேட்டர்பில்லர் 955எல் செயின் லோடர்: வீட்டுக் கொட்டகையில் சர்வீஸும் ரிப்பேரும்

முன்னால் லோடர் பக்கெட், கீழே சக்கரத்துக்குப் பதில் டோசர் போலச் செயின். இதுதான் கிராலர் லோடர். நம் ஊரில் ஜேசிபி என்று சொல்லிப் பழகிய பேக்ஹோ வேறு வகை. மில்வாக்கி நகரில் இருந்த டிராக்சன் கம்பெனியை 1951-ல் கேட்டர்பில்லர் வாங்கியது. அதன் பிறகு டிராக்ஸ்கவேட்டர் என்ற பெயரில் வந்த வரிசையில் 1970களின் மாடல்தான் 955எல். எடை சுமார் 15 டன், இன்ஜின் 130 குதிரைத்திறன், இன்ஜின் விசையை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும், கிளட்ச் மிதிக்காமல் மாற்றும் பவர்ஷிஃப்ட் கியரும் உண்டு. அமெரிக்க, கனடியப் பண்ணைகளில் இன்றும் குளம் வெட்டவும் வேர்க்கட்டை பிடுங்கவும் இதை ஓட்டுகிறார்கள். உதிரிபாகம் கிடைக்கிறது, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனால் சொந்தமாக ரிப்பேர் செய்ய ஏற்ற இயந்திரம். ஆனால் இதன் ஒவ்வொரு பாகமும் ஆளைக் கொல்லும் கனம் கொண்டது, அதனால் எந்த வேலையை எந்த வரிசையில் எடுப்பது என்பதைப் பாதுகாப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது வழக்கமாகப் பார்க்கும் ஒரு நிலை: பல வருடம் வெளியில் நின்ற வண்டி, செயின் தொங்குகிறது, பக்கெட்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டர் ஒழுகுகிறது, இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

முதலில் சீரியல் நம்பர். 85ஜே, 13எக்ஸ் என்பது போல முன்னெழுத்து இருக்கும். ஒரே 955எல் பெயரில் பல வகை உண்டு. சீல் கிட், ரோலர், பில்டர் எல்லாமே முன்னெழுத்தைப் பொறுத்து மாறும். பிளேட்டில் உள்ள நம்பரை எழுதிக்கொண்டு, அந்த நம்பருக்கான சர்வீஸ் மேனுவலும் பார்ட்ஸ் புக்கும் கையில் வந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

நிறுத்தும் இடமும் பூட்டும் முறையும்

சமதளம், கெட்டித் தரை வேண்டும். மழை ஊறிய மண்ணில் ஜாக்கி ஒரு பக்கம் இறங்கும். பக்கெட் தரையில் படிந்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் பூட்டி, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, பிறகு ஹைட்ராலிக் லீவர்களை எல்லா நிலைகளுக்கும் பல முறை அசைத்து லைனில் நிற்கும் பிரஷரை இறக்க வேண்டும். ஹைட்ராலிக் டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து காற்று வெளியேறும்வரை காத்திருங்கள். கடைசியாக பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, முனையில் துணி சுற்றி ஓரமாக ஒதுக்குங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையில் சேர்ந்த 24 வோல்ட் அமைப்பு இது. ஸ்பேனர் ஒன்று தவறி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே விழுந்தால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும்.

செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து, தரையில் நின்றபடி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. நியூட்ரல் பூட்டைத் தாண்டி இன்ஜின் உயிர் பெறும் வழி அது. வண்டி கியரில் இருந்தால், செயினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் அதன் அடியில்தான் போவார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சுவிட்ச், வயர், சொலினாய்டு என்று முறையாகத் தேடுங்கள். ஸ்டார்ட் செய்வது எப்போதும் சீட்டில் உட்கார்ந்துதான்.

லிப்ட் ஆர்ம் மேலே இருக்கும்போது அதன் கீழே தலையை நீட்டுவதானால் ஸ்டீல் முட்டு கட்டாயம். சிலிண்டர் ராடைச் சுற்றி உட்காரும் கனமான சேனல் இரும்பு, இரண்டு பக்கமும் ஒன்று. ஒரு முனை சிலிண்டர் தலையிலும் மறுமுனை ராடின் கண்ணருகிலும் தட்டையாக அமர வேண்டும். ஆர்மை அதன் மேல் மெதுவாக இறக்கி அமர்த்திய பிறகுதான் இன்ஜினை நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பக் கூடாது, ஒரு ஹோஸ் வெடித்தால் ஆர்ம் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே வரும். வண்டியையே தூக்குவதானால் கெட்டி மரக்கட்டைகளை குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. சிமென்ட் பிளாக் வேண்டாம். அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

செலவைத் தீர்மானிப்பது செயின்தான்

இன்ஜினை ஓட வைக்கும் ஆசை முதலில் வரும். ஆனாலும் அளவெடுப்பது செயினும் அதைத் தாங்கும் சக்கரங்களும் சேர்ந்த அண்டர்கேரேஜிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. இரண்டு பக்கச் செயின், வண்டியின் கனத்தைத் தாங்கும் ரோலர், முன்னால் செயின் சுற்றிவரும் ஐட்லர் சக்கரம், பின்னால் செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் பற்சக்கரம் எல்லாம் புதிதாகப் போட்டால் பழைய வண்டியின் விலையையே அது தாண்டக்கூடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்ஜினில் பணம் போடுவது வீண்.

தொங்கலைப் பார்த்துச் செயின் தேய்ந்தது என்று சொல்ல முடியாது. ஐட்லரை முன்னால் தள்ளிச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் கிரீஸ் குறைந்தாலும் செயின் தொங்கும். உண்மையான தேய்மானம் கண்ணிகளை இணைக்கும் பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று உள்ளே கரையும்போது பின்னுக்குப் பின் தூரம் கூடுகிறது. இதைத்தான் செயின் நீண்டுவிட்டது என்கிறோம், இரும்பு நீள்வதில்லை. அளக்கும் முறை இது: ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு பழைய பின்னை வைத்து, வண்டியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தினால் மேல் செயின் இறுகும். இன்ஜினை நிறுத்தி, பூட்டிய பிறகு, மேலே நேராக இருக்கும் பகுதியில் ஒரு பின்னின் ஓரத்திலிருந்து நான்கு கண்ணி தள்ளி உள்ள பின்னின் அதே பக்க ஓரம் வரை ஸ்டீல் டேப் பிடித்து அளக்க வேண்டும். செயினைப் பிரிக்கவென்றே உள்ள மாஸ்டர் பின் இருக்கும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். வந்த அளவை மேனுவலில் புதுச் செயினுக்கும் தேய்மான வரம்புக்கும் கொடுத்திருக்கும் அளவுகளோடு ஒப்பிடுங்கள். புஷ்ஷின் வெளிப்பக்கத்தையும் காலிப்பரால் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் உராயும் பக்கம் மட்டும் தட்டையாகியிருக்கும்.

வரம்பை எட்டும் முன்பே பிடித்துவிட்டால் ஒரு வழி உண்டு. பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டால், தேயாத பக்கம் வேலைக்கு வரும், செயினுக்கு இரண்டாவது ஆயுள் கிடைக்கும். வரம்பைத் தாண்டி ஓட்டியிருந்தால் புஷ் சுவர் மெலிந்து விரிசல் விட்டிருக்கும், திருப்பிப் பயனில்லை. நீண்ட செயினோடு புது ஸ்ப்ராக்கெட் போடுவதும் வீண். கண்ணி பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறி, சில நூறு மணி நேரத்தில் புதுப் பல்லையும் கூராக்கிவிடும்.

டென்ஷன் வைப்பது: வண்டியை இரண்டு வண்டி நீளம் முன்னால் ஓட்டி, பிரேக் போடாமல் தானே நிற்க விடுங்கள். ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவே, செயினின் தரைத் தகடான ஷூவின் பட்டை முனைகளின் மேல் நூல் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் பொதுவாக 25 முதல் 40 மிமீ, உங்கள் சீரியலுக்கு மேனுவல் சொல்வதே இறுதி. களிமண்ணில் வேலை என்றால் அந்த மண் ஸ்ப்ராக்கெட்டில் ஒட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும். கழுவிய வண்டியில் சரியாக வைத்த டென்ஷன், சேறு நிரம்பியதும் விறைத்துப் போகும். விறைத்த செயின் பின், புஷ், ஐட்லர், ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் பைனல் டிரைவ் கியரின் பேரிங் எல்லாவற்றையும் ஒன்றாகத் தின்னும். தொங்குவதை விட இதுதான் அதிகச் செலவு.

கிரீஸ் கன்னால் அட்ஜஸ்டரில் அடித்தால் ஐட்லர் முன்னால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் அடிப்பதை நிறுத்துங்கள். துருவில் சிக்கியிருக்கும், உள்ளே பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். தளர்த்தும்போது ரிலீஃப் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள். முகம், நெஞ்சு, கை எதுவும் அந்த ஓட்டைக்கு நேரே வேண்டாம், கிரீஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். வராவிட்டால் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். நிப்பிளைக் கழற்றி இறக்க முயன்றால் அந்தத் துண்டு துப்பாக்கிக் குண்டாகப் பாயும்.

ஐட்லருக்குப் பின்னால் ரீகாயில் ஸ்பிரிங் இருக்கிறது. பல டன் விசையில் அமுக்கி வைத்த ஸ்பிரிங். போல்ட் உடைந்திருந்தாலும், சட்டம் வளைந்திருந்தாலும், அதை வீட்டில் பிரிக்கக் கூடாது. அதற்கான கூண்டும் பிரஸ்ஸும் உள்ள பட்டறைக்கே அனுப்ப வேண்டும். செயினைப் பிரிக்கும் மாஸ்டர் பின் விஷயத்திலும் சம்மட்டி வேண்டாம். மாஸ்டர் பின்னின் முனையில் பள்ளமோ தனி அடையாளமோ இருக்கும், மற்ற பின்களிலிருந்து வேறுபடும். அது கெட்டிப்படுத்திய எஃகு, சம்மட்டியும் கெட்டிப்படுத்திய எஃகு. ஒன்றோடொன்று மோதினால் தெறிக்கும் சில்லு தோலையும் கண்ணையும் துளைத்துப் போகும். கையில் எடுத்துச் செல்லும் ஹைட்ராலிக் பின் பிரஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. பக்கெட் பின் போன்றவற்றைத் தட்ட வேண்டி வந்தால் நடுவில் பித்தளை அல்லது மைல்டு ஸ்டீல் கம்பி வைத்து, கண்ணாடி அணிந்து தட்டுங்கள்.

ரோலர்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். வேலை முடிந்த உடன் ஒன்று மட்டும் அதிகச் சூடு என்றால் உள்ளே ஆயில் இல்லை. ஒரு பக்கம் தட்டையான ரோலர் சுற்றாமல் சிக்கி நின்றது. ரோலரின் மிதக்கும் சீலில் இரண்டு உலோக வளையமும் இரண்டு ரப்பர் வளையமும் இருக்கும். ரப்பர் வளையமும் அது அமரும் இடமும் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். உலோக முகங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மட்டும் ஒரு துளி ஆயில். ரப்பரில் ஆயில் பட்டால் வளையம் நழுவிச் சுற்றும், சீல் சாய்ந்து உட்காரும், புது ரோலர் ஒரு மாதத்தில் ஒழுகும்.

டில்ட் சிலிண்டர்

ஒழுக்கைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஹோஸில் ஊசித் துளை விட்டிருந்தால் வெளியே வரும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் சின்ன முள் குத்தியது போலத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் திசு அழுகத் தொடங்கி விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுங்கள். உடம்பில் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ராடைச் சுற்றி வெளியே ஒழுகினால் முன் சீல் போயிருக்கிறது, சந்தேகமில்லை. வெளியே ஒழுகாமல் பக்கெட் தானே சாய்ந்தால் குற்றவாளி பிஸ்டன் சீலா, கன்ட்ரோல் வால்வா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்து சிலிண்டரை முழு நீளத்துக்கு நீட்டி, இன்ஜினை நிறுத்தி, பிரஷரை இறக்கி, ராடு பக்க ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் முனையைக் கெட்டியாக அடைத்து, சிலிண்டர் வாயின் கீழ் ஒரு பாத்திரம் வையுங்கள். ஒருவர் சீட்டில் இருந்து ஐடிலிங்கில், நீட்டும் திசைக்கு மட்டும் லீவரைத் தள்ள வேண்டும், மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும். திறந்த வாயிலிருந்து ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. வரவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். இந்தச் சோதனை செய்யாமல் சீல் கிட் வாங்கிப் போட்டு, பக்கெட் இன்னும் இறங்குகிறதே என்று நிற்பவர்கள் பலர்.

கழற்றும்போது பக்கெட் அடி முழுவதும் தரையில் படிய வேண்டும். பின்னை உருவியதும் டில்ட் லீவர் தொங்கி அடிக்கும், அதை முன்பே செயின் போட்டுக் கட்டுங்கள். சிலிண்டர் கையால் தூக்கும் கனம் இல்லை, ஹாய்ஸ்ட்டும் பட்டைக் கயிறும் வேண்டும். துரு பிடித்த பின்னைச் சூடாக்குவதானால் சிலிண்டரின் இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். அடைபட்ட சிலிண்டரில் சூடான ஆயில் வெடிக்கும். அதே காரணத்தால், பிஸ்டனை வெளியே தள்ளக் கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்தாதீர்கள். தலையின் போல்ட்களைக் கழற்றி, சிலிண்டரைப் படுக்க வைத்துக் கட்டி, கை வின்ச்சால் ராடை மெல்ல இழுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது இரண்டு. பேரலின் உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் உள்சுவரைத் தேய்த்துச் சமன் செய்யும் ஹோனிங் வேண்டும், அல்லது பேரல் மாற்ற வேண்டும். ராடின் குரோமில் துருப் பள்ளம் இருந்தால் புது சீல் சில மணி நேரமே தாங்கும். சின்னக் கீறலை 600 நம்பர் எமரித் தாளால் ராடைச் சுற்றியபடி தேய்க்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஒழுக்குக்கு வாய்க்காலாகும். சீலின் உதடு பிரஷர் வரும் பக்கம் பார்க்க வேண்டும், ராடின் தூசியைத் துடைக்கும் வைப்பரின் உதடு வெளியே பார்க்க வேண்டும், சீலுக்கு முட்டாக நிற்கும் பேக்கப் ரிங் பிரஷருக்கு எதிர்ப் பக்கத்தில் அமர வேண்டும். பழைய சீல் எப்படி இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுங்கள், ஆனால் முன்பு யாராவது தவறாகப் போட்டிருக்கலாம் என்பதால் பார்ட்ஸ் புக் படத்தோடு ஒத்துப் பாருங்கள். விறைப்பான சீலைச் சூடான ஆயிலில் ஊற வைத்தால் வளையும். ஸ்க்ரூடிரைவர் நுனி உதட்டைத் தொடவே கூடாது.

இவ்வளவும் செய்து முனைப் பின் புஷ்ஷை மாற்றாமல் விட்டால் வேலை பாழ். புஷ் தேய்ந்திருந்தால் ராடு பக்கவாட்டில் இழுபட்டு, சீலின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். சீல் அடிக்கடி போகும் வண்டிகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பொருத்திய பிறகு லோடு இல்லாமல், முழு நீளம் போகாமல், மெதுவாகப் பல முறை நீட்டிச் சுருக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே சிக்கிய காற்றை ஒரே அடியில் அமுக்கினால் அது டீசல் போலப் பற்றி புது சீலைக் கருக்கும். ஹைட்ராலிக் பில்டரை அறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பித்தளைத் துகள் இருந்தால் பம்ப், கருப்பு ரப்பர் என்றால் சீல் அல்லது ஹோஸின் உட்புறம்.

இன்ஜின்

இன்ஜின் ஆயில் டிரெய்ன் பிளக்கை முழுவதும் கழற்றாமல் சில சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் வரும். டீசல் டேங்க் அடியிலும் இப்படியே செய்யுங்கள். வண்டி வருடக்கணக்கில் நின்றிருந்தால் செல்ஃப் போடும் முன் கடப்பாரையால் ஃப்ளைவீலைத் திருப்பி, இன்ஜின் சுற்றுகிறதா என்று உணருங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபியூவல் பம்பின் ராக் கம்பி துருப்பிடித்து முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால் பிடித்த நொடியில் இன்ஜின் கட்டுமீறி ஓடும், சாவியால் நிறுத்த முடியாது. ராக் தாராளமாக அசைகிறதா என்று முதலில் பாருங்கள். ஏர் இன்டேக் வாயை மூடும் அளவில் தடித்த பிளைவுட் பலகை ஒன்றைக் கையருகே வையுங்கள். துணியோ உள்ளங்கையோ உதவாது, இழுத்துக்கொள்ளும்.

டீசல் ஒரு சின்ன அறையில் எரியத் தொடங்கும் முன்னறை வகை இன்ஜின் என்றால் அதைச் சூடாக்கும் குளோ பிளக் இருக்கும். அதில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். சிவந்த பிளக்கில் ஈதர் நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைக்கும். பிடிக்காததற்கு முக்கால்வாசிக் காரணம் டீசல் லைனில் சிக்கிய காற்று, அதாவது ஏர் லாக், அல்லது அடைத்த டீசல் பில்டர்தான். பில்டர் மாற்றி, பிரைமிங் பம்பால் அடித்து, குமிழி நிற்கும்வரை பிளீட் செய்து, பிறகு இன்ஜெக்டர் நட்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றை விடுங்கள். அப்போதும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும்.

வண்டியில் கேட்டர்பில்லரின் 3304 இன்ஜின் இருந்தால் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே), இன்ஜின் நின்ற நிலையில், இன்டேக் 0.38 மிமீ, எக்ஸாஸ்ட் 0.64 மிமீ. எரியும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது இன்டேக் 1, 2-ஐயும் எக்ஸாஸ்ட் 1, 3-ஐயும் வைக்கலாம். ஒரு முழுச் சுற்று திருப்பி இன்டேக் 3, 4, எக்ஸாஸ்ட் 2, 4. உச்சியைத் தவறாக எடுத்து நான்காவது சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கையில் செட் செய்தால் எல்லாமே தப்பும். முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் கையில் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பிஸ்டன் ஓடும் குழாயான லைனர் வெட் வகை, அதன் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொடும். கூலன்ட்டில் வெறும் தண்ணீர் ஊற்றினால், லைனர் அதிரும்போது வெளிச்சுவரில் தோன்றி உடையும் குமிழிகள் ஊசி ஊசியாக இரும்பைக் குடைந்து, ஒரு நாள் தண்ணீர் ஆயிலில் இறங்கும். டிஸ்டில்டு வாட்டர், கிளைகால், அதோடு லைனரைக் காக்கும் சேர்க்கை 3 முதல் 6 சதவீதம். சேர்க்கை அதிகமானாலும் உப்புப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும்.

அடிக்காப்புத் தகட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இலை, எலிக் கூடு, ஒழுகிய ஆயில் எல்லாம் சேர்ந்து அங்கே தீப்பிடிக்கத் தயாராக இருக்கும். தகடு மிகக் கனமானது, மேலே தேங்கிய மண்ணின் கனமும் சேரும். கடைசி போல்ட்டைத் தொடும் முன் ஜாக்கி தாங்க வேண்டும், ஆள் அதன் கீழ் படுக்கக் கூடாது. பிரேக் பட்டையின் தூசியில் பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். கியர்பாக்ஸ், பைனல் டிரைவ் ஆயிலுக்கு இன்று ஏற்றது கேட்டர்பில்லர் வகுத்த டிஓ-4 தர எண்ணெய். ஜிஎல்-5 கியர் ஆயிலின் சேர்க்கைகள் பவர்ஷிஃப்ட் கிளட்ச் தட்டுகளுக்கும் வெண்கலப் பாகங்களுக்கும் ஆகாது.

செயின் ஷூ போல்ட்களை மேனுவல் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசைக்கு) இறுக்கிய பிறகு மேலும் மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 டிகிரி திருப்ப வேண்டும். போல்ட் இழுபட்டு நிற்கும் அந்த விசைதான் ஷூவைப் பிடித்திருக்கிறது. தளர்ந்த ஒரு போல்ட்டோடு ஓட்டினால் கண்ணியின் துளை நீள்வட்டமாகிவிடும், பிறகு எந்த டார்க்கும் நிற்காது. வேலைக்கு விட்ட முதல் பத்து மணி நேரத்துக்குப் பிறகு எல்லா ஷூ போல்ட்டையும் தட்டிப் பார்த்து, பில்டர்களை மாற்றி, தொங்கலை மறுபடி அளந்து, மணிமீட்டர் எண்ணோடு நோட்டில் எழுதுங்கள்.